கீசக வதம்: பார்க்க முடியாத படத்துக்குத் திறனாய்வு எழுதலாமா?



நாடகப் பகுதிக்குத் துணையாக இந்த முறை ஒரு பழைய படத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். யூடியூப்பில் தேட வேண்டாம், கிடைக்காது. நூறு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் எடுக்கப்பட்ட 'கீசக வதம்' என்ற ஊமைப் படம் அது. தென்னிந்தியாவில் உருவான முதல் மௌனக் கதைப்படம் என்று வரலாற்றில் இடம்பிடித்தது. இன்று அதன் ஒரு பிரதிகூட எஞ்சவில்லை.

"டீச்சர், பார்க்காத படத்துக்கு என்னத்தைத் திறனாய்வு எழுதுறது?" என்று மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்வதற்கு முன் என்னுடைய தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் படிவம் 5 வகுப்பில் இந்தப் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு சுவாரசியமாகப் போனதும், "கீசகன் சபையில் உதைக்கிறப்போ திரௌபதி முகத்தைக் கேமரா ரொம்பக் கிட்ட போய்க் காட்டும்" என்று சொல்லிவிட்டேன். பின் வரிசையில் ஒரு மாணவி கையைத் தூக்கி, "நீங்க பார்த்திருக்கீங்களா, டீச்சர்?" என்று கேட்டாள். பார்க்கவில்லை. யாரோ எழுதியதைப் படித்தும் சொல்லவில்லை. என் மனத்தில் ஓடிய படத்தை வரலாறு என்று வகுப்பில் கொடுத்துவிட்டேன்.

இந்தத் தவறு தேர்வுத் தாளிலும் அடிக்கடி வருகிறது. நாடகத்தில் இல்லாத காட்சியை எழுதுவது, பாத்திரம் சொல்லாத வசனத்தை மேற்கோளாகக் காட்டுவது எல்லாம் இந்த வகைதான். நூல் கையில் இருந்தால் திருப்பிப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். தொலைந்துபோன படத்தில் அதற்கு வழியில்லை. சான்று எது, ஊகம் எது, கற்பனை எது என்று ஒவ்வொரு வரியிலும் பிரித்துக்கொண்டேதான் போக வேண்டும். அதனால்தான் திறனாய்வுப் பயிற்சிக்கு இப்படி ஒரு படம் நல்லது என்கிறேன்.

படம் பிறந்த கதை

படத்தை எடுத்தவர் ஆர். நடராஜ முதலியார். வேலூரைச் சேர்ந்தவர், சென்னையில் மோட்டார் கார், உதிரிப் பாகங்கள் வியாபாரம் செய்துவந்தார். தாதாசாகேப் பால்கே 1913 இல் 'ராஜா ஹரிச்சந்திரா'வை வெளியிட்ட பிறகு புராணப் படங்கள் மீது அவருக்கு ஆசை வந்தது. பூனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டார். சென்னை புரசைவாக்கம் பக்கம், மில்லர்ஸ் ரோட்டில், 'இந்தியா ஃபிலிம் கம்பெனி' என்ற பெயரில் ஸ்டுடியோ போட்டார்.

ஸ்டுடியோ என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துவிடாதீங்க. மேலே கூரைக்குப் பதில் மெல்லிய வெள்ளைத் துணி. அதன் வழியாக வடிகட்டி இறங்கும் வெயில்தான் விளக்கு. தயாரிப்பு, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் முதலியாரே பார்த்துக்கொண்டார். படப்பிடிப்பு சுமார் 35 நாள், செலவு 35,000 ரூபாய், படத்தின் நீளம் 6,000 அடி. சென்னை எல்பின்ஸ்டன் தியேட்டரில் ஓடியது. பிறகு இந்தியாவின் பிற பகுதிகள், பர்மா, இலங்கை, கூட்டு மலாய் மாநிலங்கள், சிங்கப்பூர் வரை போய் 50,000 ரூபாய் வசூலித்தது என்று பதிவாகியிருக்கிறது. அதாவது நம் பக்கத்துத் தமிழர்களின் காசும் அந்த வசூலில் இருக்கிறது.

மேடை கொடுத்தது என்ன?

இந்தப் படம் பாரதக் கதை என்றாலும், அதைத் திரைக்குக் கொண்டுவந்தவர்கள் நாடகக்காரர்கள். கதையைத் தேர்ந்தெடுக்க யோசனை சொன்னவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891 இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையின் தூண் அவர்; 'மனோகரா' எழுதியவர். திரைக்கதைக்கு உதவியவர் அதே சபையின் நடிகரும் வழக்கறிஞருமான சி. ரங்கவடிவேலு. ஸ்திரீ பார்ட்டில், அதாவது பெண் வேடத்தில், பேர் வாங்கியவர். படப்பிடிப்பில் நடிகர்களுக்குப் பயிற்சி கொடுத்தவரும் அவரே. கீசகனாக ராஜு முதலியார், திரௌபதியாக ஜீவரத்தினம் நடித்தார்கள்.

இந்தக் கதை மேடைக்குப் புதுசு கிடையாது. வில்லிபாரதத்தில் கீசகன் வதைச் சருக்கம் உண்டு. வட தமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் திருவிழாவின் தெருக்கூத்தில் கீசகன் வதம் ஓர் இரவுக்குரிய கூத்து. முதலியாரின் சொந்த ஊரான வேலூர் அந்தக் கூத்து வாழ்ந்த பகுதியில்தான் இருக்கிறது. ஆகவே 'ஒரு குறிப்பிட்ட நாடக நூலைப் படமாக்கினார்' என்று எழுதுவதைவிட, 'மேடையில் பல வடிவங்களில் வாழ்ந்த கதையை, மேடைக் கலைஞர்களைக் கொண்டே திரைக்குக் கொண்டுவந்தார்' என்று எழுதுவது சரியாக இருக்கும். தழுவல் பற்றிய கேள்விகளில் இந்த வேறுபாட்டைக் காட்டும் மாணவருக்குப் புள்ளி கிடைக்கும்.

மேடை எதைக் கொடுத்தது? கதையை, நடிகரை, உடலசைவை, ஒப்பனையைக் கொடுத்தது. எதைக் கொடுக்க முடியவில்லை? பாட்டையும் வசனத்தையும். அந்தக் காலத் தமிழ் நாடகம் காதால் கேட்கும் கலை. ஆர்மோனியம், மிருதங்கம், ராஜபார்ட்டின் குரல் இவற்றுக்காகத்தான் கூட்டம் விடிய விடிய உட்கார்ந்திருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை மதுரையில் தொடங்கிய 1918 ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் இந்தப் படமும் வருகிறது. ஒருபக்கம் மேடை பாட்டால் நிரம்பி வழிகிறது. இன்னொரு பக்கம் திரையில் வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை.

கருப்பொருள்: வாய் கட்டப்பட்டவர்களின் கதை

இப்போது கதையைப் பாருங்க. பாண்டவர்களுக்கு 12 ஆண்டு வனவாசம் முடிந்து 13 ஆம் ஆண்டு அஞ்ஞாதவாசம். யாரென்று தெரிந்துவிட்டால் மறுபடி காட்டுக்குப் போக வேண்டும். விராட மன்னன் அரண்மனையில் தருமன் கங்கன் என்ற பெயரில் சூதாட்டத் துணை, பீமன் மடைப்பள்ளியில் சமையல்காரன், அர்ச்சுனன் பிருகன்னளையாக நாட்டிய ஆசான். திரௌபதி சைரந்திரி என்ற பெயரில் அரசி சுதேஷ்ணைக்குப் பணிப்பெண்.

அரசியின் தம்பியும் சேனாதிபதியுமான கீசகன் அவள்மேல் ஆசைப்படுகிறான். அரசியே அவளை மது வாங்கிவரச் சொல்லி அவன் வீட்டுக்கு அனுப்புகிறாள். கையைப் பிடிக்கிறான், தப்பி அரசவைக்கு ஓடுகிறாள். அங்கேயே, எல்லார் முன்னாலும், அவன் அவளைக் காலால் உதைக்கிறான். மன்னன் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தருமனால் 'இவள் என் மனைவி' என்று சொல்ல முடியாது. திரௌபதியாலும் 'நான் பாண்டவர் மனைவி' என்று சொல்ல முடியாது. அன்று இரவு அவள் மடைப்பள்ளிக்குப் போய்ப் பீமனை எழுப்புகிறாள். மறுநாள் இரவு நடனசாலைக்கு வரும்படி கீசகனுக்குச் சொல்கிறாள். இருட்டில் அவள் என்று நினைத்து அவன் தொட்டது பீமனை. அதோடு அவன் கதை முடிகிறது.

கதையில் முக்கியமான எல்லாருமே பேச முடியாத நிலையில் இருக்கிறார்கள். தருமன் சபதத்தால், திரௌபதி ஆபத்தால், மன்னன் சேனாதிபதி மேல் உள்ள பயத்தால் வாயடைத்துப் போயிருக்கிறார்கள். பேசினால் 13 ஆண்டுத் துன்பமும் வீண். மேடையில் இந்தக் காட்சிக்கு ஒரு சிக்கல் உண்டு. பேசக் கூடாத பாத்திரத்துக்கும் நாடகம் வசனம் கொடுத்தாக வேண்டும். தருமன் தனியே நின்று புலம்ப வேண்டும், திரௌபதி பாட்டாகப் பாட வேண்டும். ஊமைப் படத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. பேச முடியாதவன் பேசாமலே நிற்கலாம்.

என் கருத்து இதுதான்: குரலை இழந்த கலைக்கு, குரலை அடக்கிக்கொண்டவர்களின் கதை பொருத்தமாக அமைந்தது. நடராஜ முதலியார் இதை நினைத்துத்தான் கதையைத் தேர்ந்தார் என்று நான் சொல்லவில்லை. அதற்குச் சான்று கிடையாது. பெண்ணிடம் தவறாக நடக்கும் கதையை முதல் முயற்சியாக எடுப்பதா என்று உறவினர் சிலர் தயங்கினார்கள், நண்பர்கள் ஊக்கம் கொடுத்தார்கள் என்பது மட்டும் பதிவில் இருக்கிறது. படைப்பாளியின் நோக்கம் வேறு, படைப்பில் நமக்குப் புலப்படும் பொருத்தம் வேறு. இரண்டாவதை எழுத உங்களுக்கு உரிமை உண்டு. முதலாவதை எழுத வேண்டுமென்றால் சான்று வேண்டும்.

100 நிமிடக் கணக்கு

படம் இல்லாவிட்டாலும் 6,000 அடி என்ற எண் இருக்கிறது. அதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 படச்சட்டங்கள். நொடிக்கு 16 சட்டம் என்பது அன்றைய வழக்கமான வேகம். இந்தப் படமும் அப்படித்தான் எடுக்கப்பட்டது. அப்படின்னா ஓர் அடி என்பது ஒரு நொடி. 6,000 அடி என்பது 6,000 நொடி, அதாவது 100 நிமிடம். தியேட்டரில் வேகமாகச் சுற்றினால் இன்னும் குறையும். நொடிக்கு 20 சட்டம் என்றால் 80 நிமிடம்தான்.

இந்த 100 நிமிடத்துக்குள் எழுத்து அட்டைகளும் வர வேண்டும். டைட்டில் கார்டு என்று சொல்வோமே, அதுதான். தமிழ், ஆங்கிலம், இந்தி என்று 3 மொழிகளில் அட்டைகள் இருந்தன. வாசிக்க நேரம் கொடுக்க வேண்டும் என்பதால் ஒவ்வோர் அட்டையும் நடிப்புக்கான நேரத்தைத் தின்னும். விடிய விடிய நடந்த கூத்தை ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கும்போது முதலில் போவது கிளைக்கதையும் கட்டியங்காரனின் நகைச்சுவையும்தான் என்று ஊகிக்கலாம். இது ஊகம், ஆனால் கணக்கின்மேல் நிற்கும் ஊகம். வெறும் கற்பனைக்கும் இதற்கும் உள்ள தூரத்தை மாணவர்களுக்குக் காட்டுங்கள்.

எழுத்து அட்டை இன்னொரு சிக்கலையும் காட்டுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத ரசிகர்தான் அன்று அதிகம். அதனால் மௌனப் படக் கொட்டகைகளில் ஒருவர் நின்று கதையைச் சொல்லுவதும், வாத்தியக்காரர்கள் வாசிப்பதும் வழக்கமாக இருந்தன. ஆக 'மௌனப் படம்' என்பது பிலிமுக்குத்தான் மௌனம், கொட்டகைக்கு இல்லை. மேடை இழந்த குரல் வேறு வழியாக உள்ளே வந்துவிட்டது.

'தமிழின் முதல் படம்' என்று சிலர் எழுதுவதையும் இந்த இடத்தில் யோசிக்க வேண்டும். பேச்சே இல்லாத, 3 மொழி அட்டை உள்ள படத்துக்குத் தாய்மொழி எது? எடுத்தவர்கள் தமிழர்கள், எடுத்த ஊர் சென்னை. அதனால் தமிழ்த் திரையின் முதல் படி என்று சொல்லலாம். தமிழ் பேசிய முதல் படம் என்ற இடம் 31 அக்டோபர் 1931 இல் வெளியான 'காளிதாஸ்' படத்துக்கு உரியது. விடைத்தாளில் இரண்டையும் குழப்ப வேண்டாம்.

வெயிலில் எடுத்த இரவு

பின்னணி, உத்தி என்ற இரண்டுக்கும் சேர்த்து ஒரே காட்சியைப் பேசலாம். கதையின் உச்சம் இருட்டில் நடக்கிறது. இருட்டு இல்லாவிட்டால் கீசகன் ஏமாற மாட்டான். ஏமாறாவிட்டால் வதம் இல்லை. ஆனால் ஸ்டுடியோவில் விளக்கு இல்லை, வெயில்தான். அதாவது இந்தக் கதையில் மிகவும் இருட்டாக இருக்க வேண்டிய காட்சியைப் பகலில்தான் எடுத்திருக்க வேண்டும்.

இது குறையா? இன்றைய கண்ணுக்குக் குறை. நாடகம் பார்த்துப் பழகிய அன்றைய கண்ணுக்கு அவ்வளவாக இல்லை என்று நினைக்கிறேன். கூத்து மேடையில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நின்று "ஐயோ, ஒரே இருட்டாக இருக்கிறதே" என்று நடிகர் கையைத் துழாவினால், பார்க்கிறவர் இருட்டை ஒத்துக்கொள்வார். அந்த ஒப்பந்தத்தைச் சினிமா மேடையிலிருந்து கடன் வாங்கியது. ஆனால் நடிகர் வாயால் 'இருட்டு' என்று சொல்ல முடியாதபோது, அதைக் கையும் காலும்தான் சொல்ல வேண்டும். ரங்கவடிவேலு போன்ற மேடைப் பயிற்சியாளர் ஏன் தேவைப்பட்டார் என்பது இங்கே புரிகிறது.

அதே கதை, தடைபட்ட நாடகம்

ஒப்பாய்வுக் கேள்விக்கு நல்ல பொருள் இது. இந்தப் படத்துக்குப் பத்தாண்டுகள் முன்பு, 1907 இல், மராத்தியில் கிருஷ்ணாஜி பிரபாகர் காடில்கர் 'கீசக வத்' என்ற நாடகத்தை மேடையேற்றினார். காடில்கர் திலகரோடு 'கேசரி' பத்திரிகையில் பணியாற்றியவர். அந்த நாடகத்தில் கீசகன் என்றால் கர்சன் பிரபு, திரௌபதி என்றால் இந்தியா, பொறுமை பேசும் தருமன் என்றால் மிதவாதிகள், அடிக்கத் துடிக்கும் பீமன் என்றால் தீவிரவாதிகள் என்று பார்த்தவர்களுக்குப் புரிந்தது. ஆங்கில அரசுக்கும் புரிந்தது. 1910 இல் நாடகத்தைத் தடை செய்தார்கள்.

அதே கதை சென்னையில் படமாக வந்தபோது அந்தக் கதி நேரவில்லை. ஊர் ஊராகப் போய் லாபம் பார்த்தது. ஏன்? 'பேச்சு இல்லை, அதனால் ஆபத்தும் இல்லை' என்று சட்டென்று எழுதிவிடத் தோன்றும். அது முழுப் பதில் இல்லை. 1921 இல் வந்த 'பக்த விதுரன்' படமும் ஊமைப் படம்தான். விதுரனைக் காந்தி போலக் கதர் உடையில் காட்டியதால் சென்னையிலும் அதற்குத் தடை வந்தது. பேசாத படமும் பேசத்தான் செய்தது. தொப்பியும் உடையும் பேசின.

ஆக, வேறுபாடு சத்தத்தில் இல்லை, சுட்டிக்காட்டுவதில் இருக்கிறது என்பது என் முடிவு. காடில்கரின் வசனம் இன்றைய அரசியலைச் சுட்டியது. விதுரனின் உடை அதையே செய்தது. 'கீசக வதம்' பாரதக் கதையாகவே பார்க்கப்பட்டது. இதை அந்தப் படத்தின் பலவீனம் என்றும் சொல்லலாம். அடிமை நாட்டில் அவமானப்பட்ட பெண்ணின் கதையை எடுத்தவர், அதை அரண்மனைக்குள்ளேயே வைத்துவிட்டார். ஆனால் பார்க்கிறவன் தலைக்குள் எந்த முதலாளி முகம், எந்தத் துரை முகம் கீசகனாக வந்து நின்றது என்பதை எந்தத் தணிக்கையும் அளக்க முடியாது. ஒரு தோட்டத்துத் தமிழன் இந்தக் கதையைக் கேட்டால் யாரை நினைப்பான் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பதில்கள் உங்களை யோசிக்க வைக்கும்.

சான்றைச் சோதிக்க 3 பயிற்சிகள்

முதல் பயிற்சி: ஓவியர் ரவி வர்மாவிடம் நடராஜ முதலியார் ஆலோசனை கேட்டார் என்று சில குறிப்புகளில் இருக்கிறது. ரவி வர்மா 1906 இல் காலமாகிவிட்டார். பால்கேயின் முதல் படமே 1913 இல்தான். அப்புறம் எப்படி ஆலோசனை? ரவி வர்மா சைரந்திரியையும் கீசகனையும் வரைந்திருக்கிறார். அவருடைய அச்சுப் படங்கள் வீட்டுக்கு வீடு தொங்கின. 'ஓவியரைக் கேட்டார்' என்பதைவிட 'ஓவியங்களைப் பார்த்தார்' என்பது நம்பக்கூடியதாக இருக்கிறது. அச்சில் வந்தது என்பதற்காக ஒன்று உண்மையாகிவிடாது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

இரண்டாவது: படம் வெளிவந்த ஆண்டு 1916 என்கிறார்கள், 1917 என்கிறார்கள், 1918 என்கிறார்கள். இந்தி அட்டைகளை எழுதியவர் காந்தியடிகளின் மகன் தேவதாஸ் காந்தி என்று ஒரு செய்தி உண்டு. தேவதாஸ் இந்தி கற்பிக்கச் சென்னைக்கு வந்தது 1918 இல். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 1918 பக்கம் தராசு சாய்கிறது. 'உறுதி' என்று எழுதாமல் 'பொருந்துகிறது' என்று எழுதுங்கள். ஒரு சொல்தான் வித்தியாசம். திறனாய்வாளரின் நேர்மை அந்தச் சொல்லில் இருக்கிறது.

மூன்றாவது நம் ஊர் தொடர்பானது. படம் கூட்டு மலாய் மாநிலங்களுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தது என்று படித்ததும், "ஜொகூர் மக்களும் பார்த்தார்கள்" என்று எழுதக் கை துடிக்கும். கொஞ்சம் பொறுங்க. கூட்டு மலாய் மாநிலங்கள் என்றால் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் மட்டும். ஜொகூர் அதில் சேரவில்லை. சிங்கப்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையில் பாலம் அப்போது கிடையாது; 1923 இல்தான் பாலத்தில் போக்குவரத்து தொடங்கியது. அதுவரை படகுதான். ஆகவே பதிவு ஜொகூர்க் கரைக்கு எதிரே, சிங்கப்பூரில் நின்றுவிடுகிறது. அங்கே சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் திரௌபதிக்குத் தீமிதி நடக்கிறது. பாரதக் காட்சிகளும் நடித்துக் காட்டப்படுகின்றன. திரௌபதி யாரென்று அந்த ஊர்த் தமிழருக்கு யாரும் அட்டை எழுதி விளக்க வேண்டிய தேவை இருந்திருக்காது.

ஏன் தொலைந்தது?

அந்தக் காலப் பிலிம் நைட்ரேட் வகை. எளிதில் தீப்பிடிக்கும், சரியாக வைக்காவிட்டால் தானே மக்கிப் பொடியாகும். 1931 க்குப் பிறகு பேசும் படம் வந்ததும் ஊமைப் படச் சுருளுக்கு மதிப்புப் போயிற்று. பிலிமில் உள்ள வெள்ளியைப் பிரித்தெடுக்கவும் பழைய சுருள்களை அழித்தார்கள். இந்தியாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பூனாவில் தொடங்கியது 1964 இல். அதற்குள் பெரும்பாலானவை போய்விட்டன. தென்னிந்திய மௌனப் படங்களில் நமக்குப் பார்க்கக் கிடைப்பது 1933 இல் வந்த 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றுதான்.

நடராஜ முதலியார் தொடர்ந்து 'திரௌபதி வஸ்திராபகரணம்', 'லவ குசா' உள்ளிட்ட படங்களை எடுத்தார். 1923 வாக்கில் அவருடைய ஸ்டுடியோ தீயில் போயிற்று, மகனையும் இழந்தார். அதோடு படத்தொழிலை விட்டுவிட்டார். 1970 களின் தொடக்கம் வரை வாழ்ந்த அந்த மனிதரைத் தேடிப்போய்ச் சிலர் கேட்டு எழுதியதால்தான் வெள்ளைத் துணிக் கூரை, 35 நாள், 35,000 ரூபாய் என்ற விவரங்கள் இன்று நமக்குக் கிடைக்கின்றன. படத்தை யாரும் காப்பாற்றவில்லை. படத்தைப் பற்றிய பேச்சை ஒருசிலர் காப்பாற்றினார்கள்.

இதைப் படிக்கும்போது எனக்கு நம் தோட்டத்து மேடைகள் ஞாபகம் வருகின்றன. கோயில் திருவிழாவில் லயத்துக்கு முன்னால் பந்தல் போட்டு, அரிச்சந்திரனும் வள்ளி திருமணமும் நடித்தவர்கள் இந்த ஜொகூரிலும் இருந்தார்கள். பால் மரம் வெட்டி வந்த கையோடு அரிதாரம் பூசியவர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போன பிறகு அந்த மேடைகளும் போய்விட்டன. நைட்ரேட் தீ எதுவும் தேவைப்படவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வகுப்பறைக்கு

தேர்வு மாணவர்களுக்கு ஒரு மாதிரிப் பத்தி:

"'கீசக வதம்' மேடை மரபிலிருந்து பிறந்த மௌனப் படமாகும். கதைத் தேர்வுக்குப் பம்மல் சம்பந்த முதலியாரும், திரைக்கதைக்குச் சி. ரங்கவடிவேலும் துணைநின்றது இதற்குச் சான்று. பாட்டும் வசனமும் இல்லாத இவ்வூடகத்தில், அஞ்ஞாதவாசத்தால் பேச இயலாத பாத்திரங்களின் கதை பொருத்தமாக அமைந்தது எனலாம். எனினும் படம் இன்று கிடைக்காததால், நடிப்பின் தரத்தை நேரடியாக மதிப்பிட இயலாது."

கவனியுங்க: சான்று உள்ள இடத்தில் 'ஆகும்', 'சான்று', கருத்து உள்ள இடத்தில் 'எனலாம்', எல்லை உள்ள இடத்தில் 'இயலாது'. இந்த மூன்று சொல்லையும் சரியான இடத்தில் வைக்கத் தெரிந்தால், நாடகம், நாவல், கவிதை எதற்கும் இதே முறை கைகொடுக்கும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். படிவம் 4 மாணவர்களுக்கு இந்த விடுமுறையில் ஒரு நடவடிக்கை கொடுங்கள். தாத்தா பாட்டியிடம் நான்கு கேள்வி: நீங்க பார்த்த நாடகம் எது? எங்கே, எந்தத் திருவிழாவில்? யார் எந்த வேடம் போட்டாங்க? எந்தக் காட்சி இன்னும் ஞாபகம் இருக்கு? பதிலைச் சொன்னபடியே, அவர்கள் பேச்சு வழக்கிலேயே எழுதச் சொல்லுங்கள், அழகுபடுத்த வேண்டாம். எந்த வரி அவர்கள் சொன்னது, எந்த வரி மாணவர் சேர்த்தது என்று தனித்தனி நிறத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.

அன்று கையைத் தூக்கிய அந்த மாணவி, என் வகுப்பில் இந்த நடவடிக்கையை முதலில் முடித்தவள். அவள் பாட்டி சொன்னது ஒன்றரைப் பக்கம். கறுப்பு மையில் முழுவதும் பாட்டியின் பேச்சு. சிவப்பு மையில் ஒரே ஒரு வரி: 'இந்த இடத்தில் பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை.'